டீச்சரிடம் கேளுங்கள்: பாட்டுக்கு முகம் கிடைத்த கதை

போன மாதம், "பினாங்கில் பிறந்த பாடகர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்?" என்ற கேள்விக்கு, "பி. ரம்லி, வேறு யார்?" என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். மலாய்ப் படங்களில் பாடி, நடித்து, இயக்கிய அந்த ரம்லியைப் பற்றிய ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. "இந்த மாதம் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர்" என்று பத்திரிகை ஆசிரியரும் சொல்லிவிட்டார். எனக்கும் ஆசைதான். வந்தவற்றில் ஏழு கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

தமிழ்ப் பத்திரிகையில் மலாய் நடிகருக்கு எதற்கு இத்தனை இடம்? நம்மவர்களைப் பற்றி எழுதக் கூடாதா?
— வாசகர், பட்டர்வொர்த்

எழுதலாம் ஐயா. ஆனால் ரம்லியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே நம்மவர்கள் கதையும் கூடவே வந்துவிடும்.

சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்கள் நடத்திய ஸ்டூடியோவில்தான் அந்தக் காலத்து மலாய்ப் படங்கள் பெரும்பாலும் உருவாயின. சீனர் பணம் போட்டார்கள், மலாய்க்காரர் நடித்தார்கள், இயக்கியவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். பி.எஸ். ராஜ்ஹான்ஸ், பி.என். ராவ், எஸ். ராமநாதன், பானி மஜும்தார் என்று பெயர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். அவர்களில் எல். கிருஷ்ணன் என்பவர் சென்னையில் பிறந்து, சிறு வயதிலேயே பினாங்குக்கு வந்து, இங்கேயே வளர்ந்தவர். ரம்லியை முதன்முதலில் கதாநாயகனாக நிறுத்தியவர் அவர்தான். இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்ப்பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் பாட்டு சொல்லிக்கொடுத்தவள் நான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கிருஷ்ணன் பெயரைச் சொன்னால் கோயில் சாமியைத்தான் நினைப்பார்கள். அந்தக் குறை இன்னும் எனக்கு இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1968-ல் ரம்லி இயக்கி நடித்த 'கெரிமிஸ்' என்ற படம், மலாய் ஓவியன் ஒருவனும் இந்திய நடனப் பெண் ஒருத்தியும் காதலித்துக் கல்யாணம் செய்துகொள்ளும் கதை. அந்தப் பெண்ணாக நடித்தவர் சந்திரா சண்முகம். இரண்டு வீட்டுக் கோபத்தையும் மறைக்காமல் காட்டிய படம். அந்தக் காலத்தில் அப்படி ஒரு கதையைத் தொட யார் துணிந்தார்கள்?

என் அப்பா பினாங்கு ஸ்திரீட்டில் ஓர் இசைத்தட்டுக் கடையில் கணக்கெழுதினார். ஓர் அலமாரியில் டி.எம்.எஸ்., சுசீலா. பக்கத்து அலமாரியில் ரம்லி, சலோமா. தட்டு வாங்க வருகிறவர்கள் இரண்டு அலமாரியையும் புரட்டிப் பார்ப்பார்கள். நான் வளர்ந்தது அந்தக் கடையில். அதனால் இவரை வேறு ஆளாக நினைக்க எனக்கு வரவில்லை.

ரம்லி முதலில் பாடகரா, நடிகரா? ஒரு பாடகர் எப்படி அவ்வளவு பெரிய நடிகர் ஆனார்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.
— ஓய்வுபெற்ற தாதி, சுங்கைப் பட்டாணி

பாடகர்தான் அம்மா. பாடகராக மட்டும்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

1929 மார்ச் 22-ல் ஜார்ஜ் டவுனில் பிறந்தவர். அப்பா இந்தோனேசியாவின் அச்சேவிலிருந்து வந்த கடலோடி. பையனுக்கு வைத்த பெயர் தெயுக்கு சக்காரியா. அப்பா பெயரில் உள்ள 'புத்தே'யின் முதலெழுத்துதான் பின்னால் 'பி' ஆனது. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தார். பிடில், கிட்டார், பியானோ என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கற்றுக்கொண்டார். 1947-ல் வட மலாயாவுக்கான வானொலிப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு. அடுத்த வருடம் புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு விழா மேடையில் அவர் பாடியதை ராஜ்ஹான்ஸ் கேட்டார். ஆள் தேடி வந்த இயக்குநர் அவர். உடனே சிங்கப்பூருக்கு வரச் சொன்னார்.

1948-ல் வந்த 'சிந்தா' படத்தைப் பாருங்கள். கதாநாயகன் ரூமாய் நூர். வாயசைப்பது அவர், குரல் ரம்லியுடையது. அதே படத்தில் ரம்லி வில்லன் வேடத்திலும் வருகிறார். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பத்தொன்பது வயதுப் பையன் இருட்டில் உட்கார்ந்து தன் முதல் படத்தைப் பார்க்கிறான். காதலித்து உருகும் தன் குரல் இன்னொருவர் வாயிலிருந்து வருகிறது. தன் முகம் திரையில் வரும்போதெல்லாம் ஜனங்கள் வெறுக்கிறார்கள். இந்தக் காட்சியை நான் எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வருடம் அப்படித்தான் போயிற்று. பின்னணி பாடுவது, சின்ன வேடம், வில்லன் வேடம். 1950-ல் எல். கிருஷ்ணன் 'பக்தி' என்ற படத்தை எடுத்தார். நம் 'பக்தி'தான், மலாயில் தொண்டு என்ற பொருளும் உண்டு. அதில் ரம்லி கதாநாயகன், பாடுவதும் அவரே. குரலும் முகமும் ஒருவருடையதாக ஆனது அங்கேதான்.

அதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பீர்கள். பாட்டு சொல்லிக்கொடுத்தவள் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிடுவார்கள். படப்பிடிப்பில் தட்டைப் போட்டு வாயசைக்க வைப்பார்கள். பாடத் தெரியாதவர் வாயசைத்தால் உதடு மட்டும் ஓடும். பாடுகிறவருக்கு அப்படி இல்லை. அடி தொடங்கும் முன்பே தோள் லேசாக ஏறும், தொண்டைக் குழி அசையும், நீண்ட சுரம் முடிகிற இடத்தில் கண் தானாகச் சுருங்கும். சேமித்த மூச்சை விடும்போது முகம் தளரும். ரம்லி பாடும் காட்சிகளைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். எங்கே மூச்சு எடுக்கிறார் என்று கண்ணுக்கே தெரியும். என் மாணவர்களுக்கு மூச்சுப் பயிற்சியை நான் அப்படித்தான் காட்டிக்கொடுத்தேன்.

ஆனால் பாட்டு மட்டும் போதாது. நடிகனைப் பாட்டு இல்லாத இடத்தில் பார்க்க வேண்டும். 1956-ல் வந்த 'அனாக்கு சசாலி'யில் அப்பாவும் அவர்தான், மகனும் அவர்தான். செல்லம் கொடுத்து வளர்த்த மகன் கெட்டுப்போய் நிற்க, பெற்ற கையாலேயே அவனைப் போலீசில் ஒப்படைக்கும் அப்பா. 1957-ல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் அதற்காகச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அந்தப் படத்தை இயக்கியவர் பானி மஜும்தார். அவர் 1938-ல் கல்கத்தாவில் கே.எல். சைகாலை வைத்து 'ஸ்ட்ரீட் சிங்கர்' எடுத்தவர். பாடகனை எப்படி நடிக்க வைப்பது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பினாங்கு வீட்டுப் பையனுக்கு அப்படி ஓர் ஆசிரியர் வாய்த்தது பெரிய கொடுப்பினை.

கடைசியாக ஒன்று. அவர் சும்மா நடித்துவிட்டுப் போகவில்லை. ஸ்டூடியோவிலேயே கிடந்து எல்லா வேலையையும் கவனித்தார். முதல் படம் இயக்கியது 1955-ல், 'பெனாரிக் பெச்சா', திரிஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவன் கதை. சிங்கப்பூர் போய் ஏழு வருடம் கழித்து. ஏழு வருடம் என்பதை எல்லோரும் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஒரு தங்கச்சிக்கு அதைத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

அவரை நம் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு ஒப்பிடலாமா?
— வாசகர், ஈப்போ

நிறையப் பேர் ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

பாகவதர் நாடக மேடையில் இருந்து வந்தவர். அந்தக் காலத்தில் கதாநாயகன் என்றால் பாடியே ஆக வேண்டும். தமிழில் பின்னணிக் குரல் வந்ததே 1938-ல், ஏ.வி.எம்.மின் 'நந்தகுமார்' படத்தில்தான். 1944-ல் வந்த 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி கண்டது. பிறகு வழக்கு, சிறை. 1947-ல் வெளியே வந்தபோது காலம் மாறிவிட்டது. பாடத் தெரியாதவரும் கதாநாயகன் ஆகலாம் என்ற நிலை வந்துகொண்டிருந்தது. ரம்லிக்கு நடந்தது நேர் எதிர். பின்னணிக் குரலாக உள்ளே நுழைந்து, பிறகு முகத்தை வாங்கிக்கொண்டவர் அவர்.

ஒப்பிட ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் ஜே.பி. சந்திரபாபுவைச் சொல்வேன். தூத்துக்குடிக்காரர். தன் பாட்டைத் தானே பாடினார், ஆடினார், சிரிக்க வைத்தார், குரலைத் துள்ளவிட்டுப் பாடும் மேல்நாட்டு யோடலிங்கைத் தமிழில் இழைத்தார், 1966-ல் 'தட்டுங்கள் திறக்கப்படும்' என்று ஒரு படமும் இயக்கினார். இரண்டு பேருடைய குரலிலும் சிரிப்புக்கு அடியில் ஏதோ ஒரு ஈரம் இருக்கும். ரம்லி 1973-ல் போனார், வயது 44. சந்திரபாபு அடுத்த வருடமே போனார், வயது 46. இரண்டு பேருமே கடைசிக் காலத்தில் கஷ்டப்பட்டவர்கள். அப்பா கடையில் அந்த இரண்டு பேர் தட்டையும் ஒரே நாளில் கேட்டு அழுத வாடிக்கையாளர் ஒருவரை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

எனக்கு 22 வயது. கல்யாண வீடுகளிலும் கோயில் விழாக்களிலும் பாடுகிறேன், இணையத்திலும் பாட்டுப் போடுகிறேன். உள்ளூர்த் தொடர் நாடகம் ஒன்றில் நடிக்கக் கூப்பிடுகிறார்கள். "பாட்டை விட்டுவிடாதே" என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது, டீச்சர்?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

தங்கச்சி, நடிக்கப் போம்மா. ஆனால் பாட்டை விடாதே. அம்மா சொல்வதும் சரி, உன் ஆசையும் சரி.

போகும் முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள். வசனத்தை உன் சொந்தக் குரலில் வைப்பார்களா, வேறு ஆளை வைத்துப் பேச வைப்பார்களா? குரல்தான் உன் சொத்து. திரையில் உன் முகம் வந்து குரல் வேறாக இருந்தால், கல்யாண வீட்டில் உன்னைக் கூப்பிடுகிறவர்களே குழம்புவார்கள். நாடகத்துக்குப் பாட்டு பாடினால் அதற்குத் தனிச் சம்பளமா, அந்தப் பாட்டை நீ மேடையில் பாடலாமா என்றும் கேள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் வாங்கு. என் மாணவி ஒருத்தி இதைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள். தான் பாடி ஊரெல்லாம் தெரிந்த பாட்டைத் தன் சொந்த அண்ணன் கல்யாணத்திலேயே பாட முடியாமல் நின்றாள். அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்பதை நான் மறக்கவில்லை.

தேதியை நெருக்கி ஒத்துக்கொள்ளாதே. அழுகைக் காட்சியும் சண்டைக் காட்சியும் தொண்டையைப் பிய்த்துவிடும். ராத்திரி இரண்டு மணி வரை கத்தி நடித்துவிட்டு, காலையில் முகூர்த்தத்துக்குப் பாடப் போனால் மேல் சுரம் வராது. நடுவில் ஒரு முழு நாள் தொண்டைக்கு ஓய்வு வேண்டும்.

நடிப்பில் பாடகர்களுக்கு என்று சில கோளாறுகள் உண்டு. வகுப்பில் நாடகம் போட்டபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். நன்றாகப் பாடுகிற பிள்ளை வசனத்தையும் ராகமாக இழுக்கும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் ஓர் அசைவு கொடுக்கும். கேமரா முன்னால் அது பொய்யாகத் தெரியும். ஒரு சுலபமான வழி: வசனத்தை முதலில் காய்கறிக்காரரிடம் பேசுகிற மாதிரி பத்து முறை சொல்லு, அப்புறம் உணர்ச்சியைச் சேர். இன்னொன்று, மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி முகத்தைப் பெரிதாக வைத்துப் பழகியிருப்பாய். கேமரா உன் பக்கத்தில் நிற்கிறது. பாதி போதும். எதிரில் நடிப்பவர் பேசும்போது அவரைக் கேள். பாடகர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டு நிற்பார்கள், அது கண்ணில் தெரிந்துவிடும்.

கதாநாயகி வேடம்தான் வேண்டும் என்று காத்திருக்காதே. ரம்லி வில்லனாக ஆரம்பித்தார். ஏழு வருடம் கழித்துத்தான் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தக் காலத்திலேயே பார். 'ஹிப்ஹாப் தமிழா' ஆதி பாட்டிலும் இசையிலும் வருடக்கணக்கில் பெயர் எடுத்த பிறகுதான் 2017-ல் 'மீசைய முறுக்கு' எடுத்து அதில் கதாநாயகனாக வந்தார். நம் யோகி பி கோலாலம்பூரில் இருந்தபடியே ராப் பாடித் தமிழ்நாட்டுப் படங்களுக்குள் போனார். யாரும் ஒரே நாளில் போகவில்லை.

முதல் அத்தியாயம் எப்போது வருகிறது என்று எனக்குக் கட்டாயம் எழுது. நான் பார்ப்பேன்.

கோலாலம்பூரில் சலோமா பாலம் என்கிறார்களே, யார் அந்தச் சலோமா?
— ஆறாம் வகுப்பு மாணவன், கிள்ளான்

ரம்லியின் மனைவி, கண்ணு. அவரும் பாடகியாக இருந்து நடிகை ஆனவர். 1935-ல் சிங்கப்பூரில் பிறந்தார், 1961-ல் ரம்லியைக் கல்யாணம் செய்துகொண்டார். நோன்புப் பெருநாள் வந்தால் கடைத்தொகுதிகளில் இன்றும் அவர் குரல் கேட்கும். கம்போங் பாருவையும் இரட்டைக் கோபுரம் இருக்கும் கே.எல்.சி.சி. பக்கத்தையும் இணைக்கும் அந்த நடைபாலம் 2020-ல் திறக்கப்பட்டது. ராத்திரி விளக்குப் போட்டதும் போய்ப் பார், அழகாக இருக்கும்.

அவ்வளவு புகழ் பெற்றவர் ஏன் கடைசியில் வேலை இல்லாமல் கஷ்டப்பட்டார்? குடி, சூது என்று எதுவும் இருந்ததா?
— வாசகர், செபராங் ஜெயா

இந்தக் கேள்வி என்னைக் கொஞ்சம் வருத்தியது ஐயா. கலைஞன் நொடித்துப்போனால் உடனே கெட்ட பழக்கம் என்று நினைக்கிறோம். அப்படி நினைக்காதீர்கள். அவர் சரிவுக்குக் காரணங்கள் வெளியே இருந்தன.

1964-ல் அவர் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிள்ளானில் இருந்த மெர்டேக்கா ஸ்டூடியோவில் வேலை. ஜாலான் அம்பாஸில் இருந்த வசதியும் பழகிய கூட்டாளிகளும் இங்கே இல்லை. 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்துவிட்டது. இந்தோனேசியாவோடு மோதல் வந்ததும் அந்தப் பெரிய சந்தை மூடிக்கொண்டது. இந்திப் படமும் ஹாங்காங் படமும் வண்ணத்தில் வந்து குவிந்தன. இவருக்குக் கொடுத்தது கறுப்பு வெள்ளை. ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவே 1967-ல் மூடப்பட்டது. இசையிலும் காலம் மாறிவிட்டது. மின்கிட்டார் வைத்துக்கொண்டு பையன்கள் பாடிய 'பாப் யே யே' எங்கு பார்த்தாலும். எங்கள் கடையிலேயே ரம்லி அலமாரி சுருங்கியது. அப்பா தட்டுகளை எடுத்துப் பின்னறைக்குக் கொண்டுபோனபோது நானும் இரண்டு கை பிடித்தேன். அதை இன்று எழுதும்போதும் மனசு கனக்கிறது.

1972-ல் வந்த 'லக்சமானா டோ ரே மி' அவர் கடைசிப் படம். 1973 மே 29-ல் மாரடைப்பால் போனார். அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள், முந்நூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் கொடுத்தவர்.

1982-ல் கோலாலம்பூரின் ஜாலான் பாரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1986-ல் செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீட்டை நினைவகமாகத் திறந்தார்கள். 1990-ல் டான் ஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். எல்லாம் நல்லதுதான், நன்றிதான். ஆனால் 1970-ல் யாராவது ஒரு வண்ணப் படச்சுருள் வாங்கிக் கொடுத்து "எடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். இப்போது உங்கள் ஊரில் பாடிக்கொண்டிருக்கிற வயதான கலைஞர் யாராவது இருந்தால், இந்தத் தைப்பூசத்துக்கே கூப்பிட்டு மேடை கொடுங்கள். சம்பளத்தையும் கையோடு கொடுத்துவிடுங்கள்.

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பினாங்கு வருகிறோம். ரம்லி பிறந்த வீட்டைப் பார்க்கலாமா? போகும் முன் எந்தப் படத்தைக் காட்டலாம்?
— வாசகி, தைப்பிங்

தாராளமாகப் பார்க்கலாம். ஜார்ஜ் டவுனில் ஜாலான் பி. ரம்லியில் இருக்கிறது, மரவீடு. தேசிய ஆவணக் காப்பகம் பராமரிக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பிள்ளைகள் சிணுங்குவார்கள்.

படம் என்றால் 'புஜாங் லாப்போக்' வரிசை. கல்யாணமாகாத மூன்று பேர் அடிக்கும் கூத்து. மொழி புரியாத பிள்ளையும் சிரிக்கும். பெரியவர்களுக்கு 1962-ல் வந்த 'இபு மெர்துவாக்கு'. பணக்கார மாமியார் பிரித்துவைத்த சாக்சபோன் கலைஞன் கண் தெரியாமல் பினாங்கில் வந்து ஒதுங்குகிறான். இங்கே அவனுக்கு இடம் கொடுக்கிறவரை எல்லோரும் 'மாமி' என்றுதான் கூப்பிடுவார்கள். பினாங்கு மலாய்க்காரர் வாயில் இன்றும் புழங்கும் நம் சொல். அந்த இடம் வரும்போது பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசியில் ஒரு முள்கரண்டிக் காட்சி வரும். பதினோரு வயதில் பக்கத்து வீட்டு மக்சிக்கோடு, அதாவது மலாய் அத்தையோடு, போய் அதைப் பார்த்துவிட்டு, ரொம்ப நாள் முள்கரண்டியைத் தொடாமல் இருந்தேன். உங்கள் சின்னவனுக்குப் பத்து வயது ஆகவில்லை என்றால், அந்த இடத்தில் கையால் அவன் கண்ணை மூடிவிடுங்கள். பாட்டு மட்டும் காதில் விழட்டும்.